தயிர் முட்டியில் போன வயல் படங்கள்

என் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்த பிள்ளை வயல் ஆராய்ச்சி செய்பவள். உருத்திரபுரத்து வயல்களுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு, நெல்லில் நோய் எங்கே தொடங்குகிறதென்று போகம் முழுக்கப் படம் பிடித்திருந்தாள். அந்தப் படங்கள் வெளிநாட்டில் உள்ள ஒரு பெரிய கணினிக்கு அன்று பின்னேரம் நாலு மணிக்கு முன் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் கணினியை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளையின் படிப்பு இன்னொரு வருடம் இழுபடும்.

"போனிலை அனுப்பேலாதோ?" என்று கேட்டேன்.

"அனுப்பலாம் அம்மா. அடுத்த போகம் வெட்டி முடிய அங்கை போய்ச் சேரும்."

இப்படிப்பட்ட பெரிய சுமைகளுக்கென்றே ஆராய்ச்சிக்காரருக்கு ஒரு வேகமான இன்டர்நெட் லைன் நிலத்துக்குக் கீழே ஓடுகிறதாம். கிளிநொச்சி ஆய்வுகூடத்தில் செருகினால் கடல் தாண்டிவிடும். அன்று காலை கோயில் பெடியள் தண்ணீர்ப்பந்தலுக்குக் கால் நட இரும்பு அலவாங்கால் நிலத்தைக் குத்தினார்கள். குத்து நேரே லைனில் விழுந்தது.

யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் லைன் நன்றாக இருந்தது. பிள்ளையோ வரம்பில் சறுக்கி விழுந்து காலில் கட்டோடு கிடந்தாள்.

"நீங்கள்தான் கொண்டு போகோணும் அம்மா."

"ஐயோ பிள்ளை, எனக்கு நாலு பேரோடை கதைக்கத் தெரியாது."

"மடியிலை வச்சுக்கொண்டு இருங்கோ, காணும். வெக்கை படக்கூடாது, தட்டுப்படக்கூடாது, கீழை வைக்கக்கூடாது."

தந்தது படங்களெல்லாம் அடங்கிய, உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. வெக்கை படாமல் வைக்க எனக்குத் தெரிந்தது மண்பாத்திரம்தான். கழுவிக் காயவைத்த தயிர் முட்டிக்குள் பஞ்சு அடைத்து, பெட்டியை இறக்கி, வாயை வெள்ளைத் துணியால் கட்டினேன்.

பஸ்ஸில் ஏறியதும் ஒருவர் எழும்பி இடம் விட்டார். பக்கத்தில் இருந்த அம்மா முட்டியைப் பார்த்தார், என் வெறும் நெற்றியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவரோ?"

எவர் என்று விளங்கவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

"கீரிமலைக்கோ?"

அப்போதுதான் விளங்கியது. நான் சாம்பல் கரைக்கப் போகிறேனாம்! இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் செய்தி பஸ் முழுக்கப் போய்விட்டது. பாட்டு நின்றது. கொண்டக்டர் காசை வாங்க மறுத்து, "குலுக்காமல் போங்கோ அண்ணை" என்று டிரைவருக்குச் சொன்னார். பஸ் ஊரத் தொடங்கியது. ஆனையிறவில் உப்பு மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

பிள்ளையின் ஒரு வருடம் என் மடியில் கிடக்கிறது, நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். எழும்பி நின்றேன்.

"இது சாம்பல் இல்லை! நெல்லுப் படம்! நாலு மணிக்கு முன்னம் வெளிநாடு போகோணும். கெதியா ஓட்டுங்கோ!"

பின்னால் ஒரு குரல் கேட்டது: "பாவம், துக்கத்திலை மனுசிக்கு மூளை மாறிப்போச்சு."

பக்கத்து அம்மா என் கையைப் பிடித்துத் தடவினார். வேறு வழியில்லை. துணியை அவிழ்த்தேன்.

"பஸ்ஸுக்குள்ளை திறக்காதேங்கோ!" என்று பாதிப் பஸ் கத்தியது. கொண்டக்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, உள்ளுக்கை பெட்டி! மிதியுங்கோ!"

பஸ் பறந்தது. பாட்டும் வந்தது. கொண்டக்டர் கையை நீட்டினார்: "அப்ப டிக்கெட்டை எடுங்கோ அம்மா."

பக்கத்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் கண்ணீர் விட்டதெல்லாம் நெல்லுக்கோ?"

வளாகத்தில் ஒரு தம்பி பெட்டியை வாங்கிச் செருகினார். எனக்குத் தேத்தண்ணி தந்தார்கள். ஆறட்டும் என்று பக்கத்தில் வைத்தேன்.

"போயிட்டுது அம்மா."

"எங்கை?"

"வெளிநாட்டுக்குத்தான். அங்கை திறந்தும் பார்த்திட்டினம்."

"முழுக்கவோ? ஒண்டும் மிச்சமில்லையோ?"

"முழுக்க."

நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. பிள்ளைக்குப் போன் எடுத்துச் சொன்னேன். அவள் சிரித்தாளோ அழுதாளோ, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கோப்பையை எடுத்தேன். தேத்தண்ணி இன்னும் நாக்கைச் சுட்டது.