காதைப் பொத்திய ஒரு விநாடி

கிள்ளானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த மூசாவின் மகன் கிஃபாயத்துல்லா, ரொட்டி சானாய்க்கு மாவு வீசுவதை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் படிக்கப் போனான். அத்தாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "என் மவன் அடுப்புல வேகாத வேலை பாக்குறான்லா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். பாவம் மனுஷன், மகன் எந்த மெஷினின் வாயில் வேலை பார்த்தான் என்று அவருக்குத் தெரியாது.

தெலுக் பங்லிமா காராங்கில் இரும்புத் தகட்டை அழுத்திக் கார் சாமான் செய்கிற தொழிற்சாலை அது. வரிசையாகப் பதினெட்டு பிரஸ் மெஷின்கள். காலால் பெடலை மிதித்தால் நூறு டன் அழுத்தத்தோடு மேல்பாகம் இறங்கும். ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் உண்டு. எது எப்போது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று அதற்கு உத்தரவு போடுகிற அடிப்படை நிரலைக் கெர்னல் என்பார்கள். அதை எழுதியவன் கிஃபா. அப்போது அவனுக்கு வயது இருபத்தேழு.

அவன் எழுதியதில் குற்றமில்லை. 1994 மே மாதம் வந்து இறங்கிய புது கம்ப்யூட்டர் போர்டுகளில்தான் சனியன் இருந்தது.

மெஷின் வாயின் இரண்டு பக்கமும் ஒளிக்கண்கள். நடுவே கை குறுக்கிட்டால் கண் சிக்னல் கொடுக்கும்; கெர்னல் மற்ற எல்லாவற்றையும் போட்டுவிட்டு மெஷினை நிறுத்தும். அந்தச் சிக்னலைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சிப்தான் சொத்தை. மூலையில் இருக்கிற காற்று கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும்போதெல்லாம், கையே இல்லாத இடத்தில் "கை, கை, கை" என்று பத்துப் பதினைந்து தடவை கத்தித் தொலைக்கும். மெஷின் நின்றுபோகும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இந்தக் கூத்து.

மேனேஜர் சோலையப்பன் முன்கோபி. ஒரு நாள் கையில் இருந்த ஸ்பேனரை அப்படியே வீசினார். கிஃபாவின் நெற்றி கிழிந்து மூன்று தையல்.

"சிப்புதான் கெட்டது பாஸ். போர்டை மாத்தணும்," என்றான், துண்டால் நெற்றியை அழுத்திக்கொண்டே.

"மாத்துனா மூணு வாரம் லைன் நிக்கும். உன் சாஃப்ட்வேர்லயே எதாச்சும் பண்ணு. இல்லாட்டி நாளைக்கு வராத."

பண்ணினான். நிஜக் கை நுழைந்தால் சிக்னல் ஒரு தடவைதான் வரும். பொய்யென்றால் சரமாரியாக வரும். ஆகவே, ஐந்து சிக்னல் அடுத்தடுத்து வந்தால் அது சிப்பின் பிதற்றல், ஒரு விநாடிக்கு அந்தக் காதைப் பொத்திக்கொள் என்று கெர்னலில் எட்டு வரி எழுதினான். மெஷின்கள் நிற்காமல் ஓடின. சோலையப்பன் அவன் தோளைத் தட்டி டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஒரு விநாடிக்குள் நிஜமாகவே ஒரு கை உள்ளே போனால்? கிஃபா அதை யோசிக்காமல் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது விநாடிதானே, அதற்குள் யார் போய்க் கையை விடப்போகிறார்கள் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். எட்டு வரிக்கு மேலே "தற்காலிகம்" என்று குறிப்பும் எழுதி வைத்தான். படித்தவன் புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. லைன் தலைவர் வேலாயுதம் வருஷம் தவறாமல் பதினெட்டு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார். அந்த வருஷமும் வைத்தார். ஏழாம் மெஷினில் குழைத்த சந்தனம் வழிந்து ஒளிக்கண்ணில் இறங்கியது. வைத்த சந்தனத்தை யாரும் துடைப்பதில்லை. பழைய போர்டு இருந்த காலத்தில் இப்படி ஆனால் மெஷின் ஓடவே ஓடாது. "சாமிக்கு இன்னும் ரெஸ்டு வேணுமாம்" என்று சிரித்துக்கொண்டே கண்ணை மட்டும் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள்.

இந்தத் தடவை மெஷின் ஓடியது. அதன் அதிர்வில் சந்தனப் பூச்சு நடுங்க, கண் விட்டுவிட்டுச் சிக்னல் கொடுத்தது. கெர்னல் அதைச் சிப்பின் பிதற்றல் என்று நினைத்து ஒரு விநாடி காதைப் பொத்தியது. மறு விநாடியும் பொத்தியது. பூஜைக்கு மறுநாள் காலை எட்டரை மணிக்கு, மாட்டிக்கொண்ட தகட்டை எடுக்க, அந்த மெஷினை ஓட்டுகிற இராமலிங்கம் உள்ளே கையை விட்டான். கால் பெடலில் பட்டுவிட்டது. வலது கை மணிக்கட்டோடு போயிற்று. தகட்டில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித்தான் எடுத்தார்கள்.

அன்று மாலையே கிஃபா கம்ப்யூட்டரின் பதிவைப் பார்த்தான். அந்தக் காலையில் மட்டும் ஏழாம் மெஷின் ஆயிரத்துச் சொச்சம் தடவை காதைப் பொத்தியிருந்தது. பதிவை மூடிவிட்டு வீட்டுக்குப் போனான். யாரிடமும் அதைச் சொல்லவில்லை.

ஊருக்கு விஷயம் வேறு மாதிரி தெரிந்தது. கண்ணில் சந்தனம், மெஷின் குருடாகிவிட்டது, வைத்தவர் வேலாயுதம். முடிந்தது கதை.

இராமலிங்கத்தின் அண்ணன் வீரையா அதே தொழிற்சாலையில் லோரிக்குச் சரக்கு ஏற்றுகிறவன். மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரும்புக் குழாயோடு வந்தான். முதல் அடியில் வேலாயுதத்தின் பல் தெறித்தது. அடுத்ததில் தோள் இறங்கியது. செக்யூரிட்டி வெளியே ஓடினான். சோலையப்பன் அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வீரையா வேலாயுதத்தின் தலைமுடியைப் பிடித்து ஏழாம் மெஷினுக்கு இழுத்துவந்தான்.

"இந்தக் கைதான சந்தனம் வச்சுச்சு? வை உள்ள."

ஐம்பத்தைந்து வயது மனிதர் நடுங்கினார். வேட்டைக்காரன் பிடியில் முயல் மாதிரி.

"அண்ணே, அவரை விடுங்க. சந்தனம் இல்ல. நான் எழுதுனதுதான் காரணம்," என்று முன்னே வந்து நின்றான். சிப், கம்ப்ரஸர், காதைப் பொத்துகிற விநாடி, எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னான்.

வீரையா அவன் வாயில் ஒரு குத்து விட்டான். "கதை விடாத பாய். உன்னாலன்னா உன் கைய வை. கண்ணுல இப்ப சந்தனம் இல்ல. பாப்போம்."

கிஃபா இடது கையை உள்ளே வைத்தான். வீரையா பெடலை மிதித்தான்.

மெஷின் இறங்கவில்லை. ஒற்றைச் சிக்னலைக் கெர்னல் ஒழுங்காகக் கேட்டு நிறுத்திவிட்டது. கூட்டம் மூச்சு விட்டது. இனி யாரும் தன்னை நம்பப்போவதில்லை என்று கிஃபாவுக்குத் தெரிந்தது.

"நின்னுருச்சு பாத்தியா? உன்மேல தப்பு இல்ல," என்ற வீரையா திரும்பி வேலாயுதத்தின் முழங்கையைக் குழாயால் ஓங்கி அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மறுபடியும் அவரை இழுத்தான்.

கிஃபா யோசிக்கவில்லை. சுவரில் இருந்த காற்றுக்குழாயைப் பிடுங்கி எறிந்தான். காற்று சீறி வெளியேறியது. அழுத்தம் குறைந்தால் கம்ப்ரஸர் தானே ஓடும். கட்டையோ கம்போ தேட நேரமில்லை. மெஷினுக்கு ஓடி இடது கையை மறுபடி உள்ளே வைத்தான்.

"கம்ப்ரஸர் கத்துனதும் மிதிங்க. இப்பவும் நின்னா அவரை என்னமும் பண்ணுங்க."

மூலையில் கம்ப்ரஸர் உறுமியது. வீரையா வெறியில் மிதித்தான்.

மூன்று விரல் போயிற்று. வீரையா குழாயைப் போட்டுவிட்டு, மிதித்த தன் காலைத் தானே குத்திக் குத்தி அழுதான். அன்றைக்கே பதினெட்டு மெஷினையும் தொழிலாளர்கள் நிறுத்தினார்கள். போர்டு மாறாமல் பெடலைத் தொடமாட்டோம் என்றார்கள். மூன்று வாரம் லைன் நின்றது, வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிஃபாவை இராமலிங்கம் இருந்த வார்டிலேயே போட்டார்கள். நான்காம் நாள் இராமலிங்கம் எழுந்து வந்து அவன் கட்டிலருகே நின்றான். கட்டுப் போட்ட மொட்டைக் கை மார்போடு தொங்கியது.

"வேலாயுதம் அண்ணன் ஆளுவிட்டு எல்லாத்தையும் சொன்னாரு. ஒன்னே ஒன்னு கேக்கணும். அந்த ஒரு செகண்டு உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

"எழுதும்போதே தெரியும்."

"எத்தன மாசம்?"

"நாலு."

"நாலு மாசமா தெனம் என் மெஷினத் தாண்டித்தான் போன. சாப்டியான்னு கேட்டுட்டுப் போன."

இராமலிங்கம் எச்சிலைக் கூட்டி அவன் முகத்தில் துப்பிவிட்டுத் தன் கட்டிலுக்குப் போனான். கிஃபாவின் வலது கை நன்றாகத்தான் இருந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.