தூக்குக்காவடியும் அரிசி மூட்டைகளும்

2023ஆம் ஆண்டு வைகாசி மாதம். பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியோரத்தில் இருக்கும் எங்கள் ஊர் அம்மன் கோயிலில் பொங்கல் நாள். அதற்கு முந்தைய ஆண்டு டீசல் தட்டுப்பாட்டால் காவடி உழவு இயந்திரங்கள் வீதிக்கு வரவில்லை. அதனால் இந்த முறை இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து ஆர்ப்பாட்டம்.

என் தம்பி தூக்குக்காவடி எடுத்தான். அவனுடைய மகள் டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது வைத்த நேர்த்தி அது. முதுகிலும் கால்களிலும் கொளுக்கிகள் ஏற்றி, உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியிலிருந்து பின்புறமாக நீண்டிருக்கும் காவடி மரத்தில் அவனைத் தொங்கவிட்டார்கள். மரத்தின் மறுமுனை பெட்டிக்குள் இருக்கும். அதை 'வால்' என்பார்கள். வாலை எதனோடும் கட்டுவதில்லை. உறவுக்கார ஆண்கள் அதன்மேல் குந்தி, தங்கள் உடம்புப் பாரத்தால் நேர்த்திக்காரனைத் தாங்க வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். மூட்டை வைத்தால் நேர்த்தி பலிக்காதாம்.

அந்த ஆண்டு மரம் மரமாக இல்லை. மண்டபக் கூரை வேலையில் மிஞ்சிய இரும்புச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார்கள். முக்கோணம் முக்கோணமாக ஒட்டிய நல்ல வேலை. அது முறியாது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் முறியாததும் கவிழும். தம்பி தொங்கும் பக்கம் பழைய மரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். பெட்டிக்குள் இருந்த வாலோ பழைய நீளம்தான். நான் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவள். திருப்புதிறன் கணக்கில் இதைவிடச் சுலபமானதை நான் பிள்ளைகளுக்குக் கொடுத்ததே இல்லை.

கோயில் தலைவரிடம் போனேன்.

"அண்ணை, வெளியில நீட்டினளவுக்கு உள்ளுக்கும் பாரம் கூட வேணும். இதில ஒராள் இறங்கினாலும் இவன் நிலத்தில. வாலைப் பெட்டியோட கட்டுங்கோ, இல்லாட்டி மூட்டை ஏத்துங்கோ."

"ரீச்சர், சோதினைக் கணக்கை இங்க செய்யாதேங்கோ. தாங்கிறது அம்மாள்."

"அம்மாள் தாங்கிறதெண்டால் இந்த நாலு பேரும் ஏன் அதில குந்தியிருக்கினம்?"

"நாங்கள் சும்மா காத்து வாங்க, மச்சாள்," என்றான் வாலில் இருந்த ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். தம்பியின் மனைவிகூடச் சிரித்தாள்.

நான் பெட்டியின் பக்கத்திலேயே நடந்தேன். தண்ணீர்ப் பந்தலடியில் ஊர்வலம் நின்றது. பறை அடி வேகமெடுத்தது. வாலில் இருந்த இருவர் உரு வந்தவர்கள்போல் குதித்து இறங்கி ஆடத் தொடங்கினார்கள். வால் மேலே எழும்பியது. மிஞ்சிய இருவரும் அதில் தொங்கினார்கள், போதவில்லை. மறுபக்கத்தில் தம்பி முகம் குப்புறத் தார் வீதியை நோக்கி இறங்கினான். கொளுக்கிகள் அவன் தோலை இழுத்த விதத்தை நான் எழுதப் போவதில்லை. வேல் பிடித்து வந்த இருவர் கீழே பாய்ந்து அவன் நெஞ்சைத் தாங்கிக்கொண்டார்கள்.

ஊர்வலத்துக்குப் பின்னால் ஒரு சின்ன லொறி மறிபட்டு நின்றது. பரந்தன் ஆலையில் அரிசி ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்த முஸ்லிம் வியாபாரி ஒருவர் அதிலிருந்து ஓடிவந்து, பெட்டியில் ஏறி, வாலில் தொங்கினார். கீழே இருவர் தம்பியை ஏந்தியிருந்ததால், அந்த ஓர் ஆளின் பாரத்தோடு வால் மெல்லக் கீழே வந்தது. நானும் ஏறி, பெட்டி மூலையில் கிடந்த கயிற்றை வாலில் மாட்டி, பெட்டியின் இரும்புக் கம்பத்தில் மூன்று சுற்றுச் சுற்றினேன். அந்தச் சுற்றுகளின் உராய்வு இழுவையைத் தாங்கிக்கொள்ள, நுனியை என் கை ஒன்றே பிடித்து நிற்க முடிந்தது.

"நானா, உங்கட லொறியில இருக்கிற மூட்டையைத் தருவீங்களோ?"

"எத்தினை வேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ தங்கச்சி."

அவருடைய அரிசி மூட்டைகள் வாலில் ஏறின. தம்பி பழைய உயரத்துக்கு வந்தான். அந்த மனிதர் கோயில் வரைக்கும் ஊர்வலத்தின் பின்னால் ஆமை வேகத்தில் வந்து, தம்பியை இறக்கிய பிறகுதான் மூட்டைகளை எடுத்தார். ஒன்று கிழிந்து அரிசி சிந்தியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "சிந்தினது குருவிக்கு. தம்பிக்கு எப்பிடி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அன்று அறிவோடு பேசிய ஒரே ஆண்குரல் அது.

ஏனென்றால் கோயில் வாசலில் எனக்கு விசாரணை காத்திருந்தது. இறங்கி ஆடியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீளமான இரும்பைக் கொண்டுவந்தவரையும் கேட்கவில்லை.

"இவன் நிலத்தில எண்டு வாயால சொன்னது நீங்கள்தானே ரீச்சர். உங்கட நாவூறுதான்," என்றார் தலைவர்.

நான் தம்பியைப் பார்த்தேன். முதுகில் திருநீறு அப்பியபடி குந்தியிருந்தான். நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து அவன் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டாள். நாவூறு இருந்தால் மிளகாய் நெடி வராது என்பது இவர்களுடைய சொந்த விதி. அன்று தலைவர் உட்பட அத்தனை பேரும் கண்ணீர் வர இருமினார்கள். இருமி முடித்த பிறகும் குற்றவாளி நான்தான்.

அடுத்த வைகாசியிலும் வேறொருவர் தூக்குக்காவடி எடுத்தார். அதே இரும்புச் சட்டம். வாலைப் பெட்டியோடு வரிந்து கட்டி, மேலே மண் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். அம்மாள் தலைவரின் கனவில் வந்து சொன்னதாம். பொங்கலுக்கு முந்தைய நாள் தம்பி என் வீட்டுக்கு வந்திருந்தான்.

"அக்கா, நாளைக்கு நீங்கள் அந்தப் பக்கம் வராமல் விட்டால் நல்லது. ஆக்கள் ஒரு மாதிரிக் கதைக்கினம்."

நான் என் வீட்டுப் படலையில் நின்று பார்த்தேன். அந்த மூட்டைகள் இன்றுவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் என் வாசலைக் கடந்து போகின்றன. தொங்குகிறவர் பத்திரமாக இருக்கிறார் என்ற நிம்மதியோடு, மூட்டை ஏற்றச் சொன்னவள் மட்டும் ஏன் படலைக்கு உள்ளே நிற்க வேண்டும் என்ற கேள்வியும் ஒவ்வொரு முறையும் எனக்குள் எழும்புகிறது, அதற்கு நான் இன்னும் எந்தப் பாரமும் வைத்து அமுக்கவில்லை.