டிரைவர் அணைத்த சுவிட்ச்

நான் அந்த வீட்டுக்குப் போனது டிரைவரின் மனைவியைப் பார்த்துக்கொள்ள. பக்கவாதத்தில் அந்த அம்மாவுக்கு இடது கையும் காலும் தளர்ந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், புத்தி தெளிவு. குளிப்பாட்டுவது, உட்கார வைப்பது, கை கால் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஆனால் எழுத உட்கார்ந்தது டிரைவரைப் பற்றி. நோயாளியைப் பற்றி எழுத மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

டிரைவர் என்றுதான் தெருவே அவரைக் கூப்பிடும். டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள்ளும் பஸ் ஓட்டுகிற மாதிரிதான் நடமாடுவார். நாற்காலியைப் பின்னால் இழுக்கும் முன் இரண்டு பக்கமும் பார்ப்பார். சமையலறை வாசலில் தொண்டையைச் செருமுவார், அது ஹாரன். ஓர் அறையை விட்டு அவர் வெளியே வந்தால் விளக்கு, மின்விசிறி, டிவி எல்லாம் சுவர் சுவிட்சிலேயே அணைந்திருக்கும். நான் குளியலறைக்குள் இருக்கும்போதே விளக்கை அணைத்திருக்கிறார். "ஆள் இருக்கீங்களா?" என்று அதன் பிறகுதான் கேட்பார்.

கைப்பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் வீசிவிட்டு, "நான் என்ன குழந்தையா" என்றார். நான் எடுத்துக் கொடுப்பேன், மறுபடி வீசுவார். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் டிரைவர் ஒரு தாம்பாளத்தில் மைதா மாவைக் குழப்பிக்கொண்டு வந்து மனைவியின் மடியில் வைத்தார்.

"பந்த அமுக்க மாட்டேங்கிற. சரி. இத என்ன பண்ணணும்னாவது சொல்லு."

அந்த அம்மா எட்டிப் பார்த்தார். படுக்கையில் விழுவதற்கு முன் வாரம் தவறாமல் வீட்டில் ரொட்டி சுட்டவர். "இதுக்குப் பேரு மாவா? சுவத்துல ஓட்டை அடைக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே வலது கையை அதற்குள் விட்டார். கொஞ்ச நேரத்தில் இடது கையும், யாரும் கேட்காமலே, தாம்பாளத்தின் விளிம்புக்கு வந்தது.

அதிலிருந்து தினமும் காலையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சமையலறை மேசைக்கு வந்துவிடுவார். அவர் பிசைவார், டிரைவர் அளப்பார், டின்னில் போடுவார், அலமாரியில் பதித்திருந்த மின் ஓவனுக்குள் வைப்பார், வெளியே எடுப்பார், திட்டு வாங்குவார். மடங்கிக் கிடந்த இடது விரல்கள் மெல்ல விரிய ஆரம்பித்தன. இதை அதிசயம் என்று நான் சொல்ல மாட்டேன். பிடித்த வேலை கொடுத்தால் விரல் கேட்கும். பிடிக்காத பந்தைக் கொடுத்தால் கேட்காது.

பிறகு ரொட்டி வேகாமல் போயிற்று. மேலே லேசாக நிறம் மாறியிருக்கும். வெட்டினால் நடுவில் பச்சை மாவு. முதலில் ஈஸ்ட்டைக் குறை சொன்னார்கள். புது ஈஸ்ட் வந்தது. அடுத்து மாவைக் குறை சொன்னார்கள். மாவும் மாறியது. அப்போதும் நடுவில் ஈரமாகவே இருந்தபோது அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடது கையைப் பார்த்தார்.

"இந்தக் கைதான். அழுத்தம் பத்தல."

மறுநாள் நாற்காலிக்கு வர மாட்டேன் என்றார். அதற்கடுத்த நாளும் அப்படியே. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தத் திரும்பலை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். முதலில் கால் விறைக்கும், அப்புறம் முதுகில் புண், அப்புறம் நெஞ்சில் சளி. டிரைவரைக் கூடத்துக்குக் கூப்பிட்டு ஒளிக்காமல் சொன்னேன்.

"இப்படியே படுத்துட்டாங்கன்னா இதுவரைக்கும் வந்ததெல்லாம் போயிடும். அப்புறம் எழுப்புறது கஷ்டம்."

"ரொட்டி வெந்தா எழுந்திருப்பாளா, நர்சம்மா?"

"எழுந்திருப்பாங்கன்னுதான் நினைக்கிறேன்."

"அப்போ கோளாறு கையிலயா, ஓவன்லயான்னு பார்த்துடுவோம்."

தெருமுனை பேக்கரிக்குப் போய், அவர்கள் பிசைந்து வைத்திருந்த மாவில் ஓர் உருண்டை கேட்டு வாங்கி வந்தார். அதே டின், அதே சூடு. வெட்டினால் நடுவில் பச்சை. எனக்குச் சந்தோஷம், கோளாறு பிடிபட்டுவிட்டது. டிரைவர் ஓடிப்போய் மனைவியிடம் காட்டினார்.

"பாரு, இது பேக்கரிக்காரர் பிசைஞ்சது. இதுவும் வேகல."

"நீங்க பிசைஞ்சிருப்பீங்க. என்னைச் சமாதானப்படுத்த வந்துட்டீங்க," என்றார் அந்த அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

பேச்சால் ஆகிற காரியம் இல்லை என்று டிரைவருக்குப் புரிந்துவிட்டது. வெறும் ஓவனைச் சூடாக்கிவிட்டு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. பின்பக்கச் சுவரில் இருந்த விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. "விளக்கு எரியுது, ஃபேனும் ஓடுது. நல்லாத்தானே இருக்கு," என்றேன் நான். அவர் கையை நீட்டி, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகியைத் தொட்டார்; வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பட்டன் கொதிக்குது. இது எப்பவும் இப்படிக் கொதிக்காது."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தார். முகத்தில் அடிக்க வேண்டிய சூடு அடிக்கவில்லை. வெளியே கொதிக்கிறது, உள்ளே ஆறிப்போயிருக்கிறது. கதவுக்கு மேலே ஒரு நீளமான இடுக்கு உண்டு. முன்பெல்லாம் குனிந்தால் அங்கிருந்து காற்று நெஞ்சில் படுமாம். செய்தித்தாளில் ஒரு கீற்று கிழித்து அந்த இடுக்கின் முன்னால் பிடித்தார். கீற்று அசையவே இல்லை.

"உள்ள ஓடுற ஃபேன் ரொட்டிக்கு, நர்சம்மா. இங்க மேல இன்னொண்ணு இருக்கணும், மெஷினைக் குளுர வைக்க. ரேடியேட்டர் ஃபேன் மாதிரி. அது படுத்துடுச்சு."

சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். பிறகு மனைவியின் தம்பிக்குப் போன் போட்டார். அவர் வயர்மேன், அக்கா மேல் உயிர், மாமாவைக் கிண்டல் செய்வதில் அதைவிட ஆசை. மாலையில் பையோடு வந்தார்.

"என்ன மாமா, பஸ்ஸுதான் வழியில நிக்கும்னு நெனச்சேன். ஓவனையும் நிறுத்திட்டீங்களா?"

"வாய மூடிட்டு மேல்தகட்டக் கழட்டு, மாப்ள."

மின்சாரத்தை மெயினில் துண்டித்துவிட்டு, இருவரும் சேர்ந்து ஓவனை அலமாரியிலிருந்து வெளியே இழுத்தார்கள். சத்தம் கேட்டு, "என்னத்த உடைக்கிறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வந்து பாருங்க," என்றேன். கட்டில் கிறீச்சிட்டது. உள்ளே போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். மறுக்கவில்லை. தன் சமையலறையில் இரண்டு ஆண்கள் திருப்புளியோடு நிற்கும்போது எந்தப் பெண்ணால் படுத்திருக்க முடியும்?

மேல்தகட்டுக்கு அடியில் உருளை மாதிரி ஒரு சின்ன விசிறி. மாவுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருந்தது. வயர்மேன் விரலால் சுற்றினார்; அரைச் சுற்றோடு நின்றது. மீட்டர் வைத்துப் பார்த்தார்.

"மோட்டார் காயில் எரியல. அச்சு காஞ்சு இறுகிப் போச்சு. இது சுத்தாததால மேல சூடு ஏறுது. ஏறினா இந்தக் கட்-அவுட் ஓவனுக்குள்ள சூட்டை நிறுத்திடும். விளக்கு மட்டும் எரியும். பார்க்குறவங்களுக்கு வேகுதுன்னு தோணும்."

"அப்போ என் மாவு?" என்றார் அக்கா.

"உன் மாவுக்கு என்ன கேடு? பாதியில அடுப்பை அணைச்சா எந்த மாவு வேகும்?"

டிரைவர் தையல் மெஷின் எண்ணெயை எடுத்து வந்தார். அது இந்தச் சூட்டில் காய்ந்து பசையாகிவிடும் என்று தள்ளி வைத்துவிட்டு, வயர்மேன் பிசுக்கைத் துடைத்து, சூடு தாங்குகிற எண்ணெயைப் பையிலிருந்து எடுத்து அச்சில் சொட்டு விட்டார். இப்போது விரலால் தட்டியதும் விசிறி தடையில்லாமல் சுற்றியது.

"இது இப்போதைக்கு ஓடும். புது மோட்டார் சொல்லி வைக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் ஏன் காஞ்சதுன்னுதான் தெரியல." சட்டென்று நிமிர்ந்தார். "மாமா, ரொட்டிய எடுத்ததும் என்ன செய்வீங்க?"

"சுவிட்ச அணைப்பேன்."

"எந்த சுவிட்ச?"

"சுவத்துல இருக்கிற சுவிட்ச. வேற எத? சும்மா ஓடிட்டிருக்கும், கரண்ட் வீண்."

"அது சும்மா ஓடல மாமா. ஓவனை நிறுத்தினப்புறமும் சூடு அடங்குற வரைக்கும் இந்த ஃபேன் ஓடணும். தானா நின்னுக்கும். நீங்க தினமும் அதோட கழுத்தப் பிடிச்சு நிறுத்தியிருக்கீங்க. ஏன், டர்போ வண்டிய ஓட்டிட்டு வந்த உடனே சாவியத் திருப்புவீங்களா?"

டிரைவர், டெப்போவில் இதற்காகவே எத்தனையோ புது டிரைவர்களை வறுத்தெடுத்தவர். கொஞ்ச நேரம் இன்ஜினைச் சும்மா ஓட விடுடா, அது மூச்சு வாங்கட்டும் என்று.

"வண்டியில செய்யாதத வீட்டுல செஞ்சிருக்கேன்," என்றார் மெதுவாக.

"கை சரியில்லாதது எனக்கில்ல, இவருக்கு," என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். வாய் கோணியிருந்தாலும் சிரிப்பு சிரிப்புதான். டிரைவருக்கு அந்தப் பழியை ஏற்றுக்கொள்வதில் அவ்வளவு நிம்மதி. தன் வலது கையைத் தானே ஓர் அடி அடித்தார்.

மறுநாள் காலையில் போனபோது மாவு மேசைமேல் இருந்தது; அந்த அம்மா இன்னும் படுக்கையில் இருந்தார். நேற்றைய சிரிப்பு இல்லை. இன்றைக்கும் வேகாவிட்டால் சாக்குச் சொல்ல இனி ஓவன் கோளாறும் இல்லையே, அந்தப் பயம். "எழுந்திருங்க," என்றேன். "வேகலன்னா?" என்றார். "வேகலன்னா திரும்ப வந்து படுத்துக்கலாம். கட்டில் எங்கயும் ஓடாது."

அந்த அம்மா நாற்காலிக்கு வந்து பிசைந்தார். வலது கை அழுத்த, இடது கை தாம்பாளத்தைப் பிடித்தது. ரொட்டி உள்ளே போனது. டிரைவர் காகிதக் கீற்றைப் பிடித்துக்கொண்டே நின்றார், கீற்று படபடத்தது. ரொட்டியை எடுத்ததும் அவர் கை தானாகச் சுவர்ப் பக்கம் போனது. "ம்" என்றார் மனைவி. டிரைவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஆறட்டும் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. அந்த அம்மாவே வெட்டினார். நடுவில் விரலை வைத்து அமுக்கினார். மேலெழும்பி வந்தது. பச்சை இல்லை.

டிரைவர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டு வரும் என்று நானும் நினைத்தேன்.

"ஒரு பக்கம் ரொம்பச் செவந்துடுச்சு," என்றார் அந்த அம்மா. "நாளைக்குப் பாதியில டின்னத் திருப்பி வைங்க."