ஓணானுக்குப் பகல், பல்லிக்கு ராத்திரி

சுவரில் ஓடுகிற பல்லியை விளக்குமாற்றால் விரட்டுகிறவர்கள் நாம். என் வீட்டுக்காரர் காசு கொடுத்து ஒரு பல்லி வாங்கி வந்தார். மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், வால் மட்டும் முள்ளங்கி மாதிரிக் கொழுகொழுவென்று இருக்கும். அந்த வாலில்தான் அதன் சேமிப்பெல்லாம் இருக்கிறதாம். பகலெல்லாம் தூங்கும், இரவு எட்டு மணிக்கு மேல்தான் கண் விழிக்கும் என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இரவில் நான் வீட்டிலேயே இருப்பதில்லை. நான் பார்க்கவே முடியாத ஒன்றை எதற்கு வாங்கி வர வேண்டும்? போட்டிக்கு நானும் ஒன்று வாங்கினேன். என்னுடையது தாடி ஓணான். வெயில் பிராணி. காலையில் விளக்கைப் போட்டால் எழுந்திருக்கும், மாலையில் அணைத்தால் படுத்துவிடும். கையில் எடுத்தால் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

சாஆ என்கிற ஊரில் இருக்கிற என் அக்காவிடம் போனில் சொன்னேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்ட கதையாக இருக்கிறது என்று சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் வீட்டில் எந்நேரமும் ஆள் கூட்டம். என் மடிக்கு ஓர் ஓணானாவது கிடைத்ததே.

எங்கள் குடித்தனம் எப்படி என்று சொன்னால்தான் இது புரியும். வீடு தம்போயில், ஒரு தாமான் குடியிருப்பில். அவருக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு வெகுநேரம் முன்பே மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினால்தான் பாலத்து நெரிசலைத் தாண்ட முடியும். திரும்ப இரவு எட்டாகிவிடும். எனக்கு ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். மாலை ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி வேன் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும். நான் திரும்பி வந்து பசியாறும்போது அவர் அங்கே பாதி வேலையை முடித்திருப்பார். வீட்டுக் கடனுக்காகத்தான் இந்த ஏற்பாட்டை ஆரம்பித்தோம். பிறகு அதுவே பழகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியும் வெகுநாளாகிறது. வாட்ஸாப்பில் குரல் அனுப்பிக்கொள்வோம். அரிசி தீர்ந்துவிட்டது, கேஸ்காரர் வருவார், சாம்பாரைச் சுடவைத்துச் சாப்பிடுங்கள், இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் இரண்டு பேரும் வீட்டில் இருப்போம். அன்றைக்கும் நான் பகலில் தூங்குவேன், அவர் இரவில் தூங்குவார்.

அவரோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அங்கேயே கட்டில் வாடகைக்கு எடுத்துத் தங்கிவிட்டு, வாரக் கடைசியில்தான் வருவார்கள். இவர் தினமும் வருவார், மழையோ வெயிலோ. நான் இருக்கமாட்டேன் என்று தெரிந்தும் வருவார். அதில் எனக்குச் சொல்ல முடியாத பெருமை. காலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூட வைக்காமல் பின்பக்கம் போய், கொடியில் கிடக்கும் அவருடைய நீலத் துண்டைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரமாக இருக்கும். மனுஷன் வந்து குளித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று மனசு அடங்கும். பிறகுதான் எனக்குத் தூக்கமே வரும்.

இரண்டையும் ஒரே தொட்டியில் போடும் யோசனை ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிராணிகள் கடையில்தான் வந்தது. அங்கே பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. ஒன்று பகலில் விழித்திருக்கும், ஒன்று இரவில் விழித்திருக்கும், இரண்டும் பார்த்துக்கொள்ளவே போவதில்லை, பிறகு எங்கே சண்டை என்றார் கடைக்காரச் சீனத் தவுக்கே. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"நாம இத்தன வருசமா சண்டையே இல்லாம இருக்கோம். இதுங்களுக்கு என்ன லா?"

நானும் சிரித்துவிட்டேன். அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. தொட்டியைக் காரின் பின் சீட்டில் வைத்து, அது ஆடாமல் நான் வழியெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன். பொங்கலுக்கு வாங்கி வாய் உடைந்துபோன மண்சட்டியைக் கவிழ்த்து வைத்துப் பல்லிக்கு வீடாக்கினார். உடைந்த இடம்தான் வாசல். அதற்கு நேர் மேலே ஓணானின் விளக்கு. அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் தொட்டிமுன் தரையில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு சேர்ந்து செய்த ஒரு காரியம் அது.

ஓணான் நாளுக்கு நாள் தேறியது. சட்டியின் உச்சியில் ஏறிக்கொண்டு விளக்கைப் பார்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். காலையில் தொட்டிக்குள் சில்வண்டுகள் திரியும், ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்னும். இவர் ஏன் இத்தனை சில்வண்டு வாங்கிப் போடுகிறார் என்று நினைத்துக்கொள்வேன். பல்லியை நான் பார்த்ததேயில்லை. அது பகலில் தூங்குகிற பிராணிதானே.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தொட்டிமுன் வெகுநேரம் நின்றார். ஓணான் எப்போதும் சட்டிமேல்தான் உட்காருமா என்று கேட்டார். நாள் முழுக்க, ராஜா மாதிரி என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவர் ஓணானை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, சட்டியைத் தூக்கினார். சட்டி அடுப்பிலிருந்து இறக்கியது போலச் சுட்டது. உள்ளே பல்லி ஓர் ஓரமாக ஒடுங்கிக் கிடந்தது. பட்டப்பகலில் கண் விழித்திருந்தது. முள்ளங்கி மாதிரி இருந்த வால் சுருங்கிப் பென்சிலாகியிருந்தது.

அப்போதுதான் பேசினோம். இரவில் ஓணான் சட்டியின் வாசலை அடைத்துக்கொண்டு தூங்குகிறதாம், பல்லி வெளியே வந்தே நாளாகிறதாம். ஆனால் போட்ட சில்வண்டு மறுநாள் இருக்காது, அதனால் தின்கிறது என்று நினைத்தாராம். அவற்றை யார் தின்றது என்பது எனக்குத் தெரியும். பாதி அவருக்குத் தெரிந்திருக்கிறது, பாதி எனக்குத் தெரிந்திருக்கிறது. கேஸும் அரிசியும் பேசிய வாயில் ஒரு நாளாவது இது வந்திருந்தால் போதும். சொல்லியிருக்கலாமே என்றேன். நீ சொன்னாயா என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெறும் பல்லிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்டுவிட்டேன்.

"நான் தெனமும் இதுக்காகத்தான் பாலம் தாண்டி வரேன். ராத்திரி இந்த வீட்டுல எனக்கு வேற யார் இருக்கா?"

சத்தமே போடாமல் சொன்னார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. இத்தனை நாள் ஈரத் துண்டைத் தொட்டுத் தொட்டு நான் வளர்த்து வைத்த பெருமை அந்தப் பல்லிக்குச் சேர வேண்டியதா?

"அப்ப அங்கயே தங்கிக்கோங்க. பல்லிய நான் பாத்துக்கறேன்."

மாட்டேன் என்பார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் சரி என்றார். அடுத்த வாரமே அங்கே ஒரு கட்டில் கிடைத்துவிட்டது. கோபமாகவெல்லாம் போகவில்லை. முதுகு வலி குறைந்திருக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன் என்று குரல் அனுப்பினார். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். நான் அழுதேன்.

தவுக்கேயிடம் போய்க் கேட்டால், அதது வீட்டில் அதது தனியாக இருப்பதுதான் நல்லது என்கிறார். போன தடவை பேசியது வேறு வாயா என்று கேட்டுவிட்டு, பழைய சின்னத் தொட்டியில் பல்லியைச் சட்டியோடு தனியாக வைத்தேன். அப்படியும் அது சாப்பிடவில்லை. நான் வீட்டில் இருக்கும் நேரம் அது தூங்கும் நேரம். அது எழுந்திருக்கும் நேரம் நான் ஃபேக்டரியில் நிற்பேன். ஒரு வாரம் பார்த்தேன். வால் எலும்பாகிக்கொண்டிருந்தது. அவர் வளர்த்த உயிர், அவர் இல்லாத வீட்டில் என் கையிலேயே போய்விடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. சூப்பர்வைசரிடம் போய்ப் பகல் ஷிப்ட் கேட்டேன். காரணம் கேட்டார். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றேன். யாருக்கு என்று நல்லவேளை கேட்கவில்லை. உடனே மாற்றிக் கொடுத்துவிட்டார். இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

பகல் வேலைக்குப் போய் வந்த முதல் நாள், ஹால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். எட்டு மணிக்கு மேல் சட்டியின் வாசலில் ஒரு தலை தெரிந்தது. இடுக்கியில் ஒரு புழுவை நீட்டினேன். ரொம்ப யோசித்தது. பிறகு லபக்கென்று பிடித்துக்கொண்டது. நான் உடனே அவருக்குப் போன் போட்டேன். சாப்பிட்டுவிட்டது, ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், இனிமேல் சாயங்காலமெல்லாம் வீட்டில்தான் இருப்பேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அந்தப் பக்கம் யாரோ எதையோ வதக்குகிற சத்தம் கேட்டது. பிறகு சிரித்தார்.

"பரவாயில்லயே. என்னால முடியாதத அது செஞ்சிருச்சு."

நீங்கள் எப்போதாவது வாயைத் திறந்து கேட்டீர்களா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவர் கேட்கவில்லை, நிஜம். நானும் துண்டைப் பற்றி அவரிடம் சொன்னதில்லை.

"ஒங்க நீலத் துண்டு கொடியிலயே காஞ்சு கெடக்குதுங்க" என்றேன்.

"மழ இல்லயா அங்க?"

"இல்லங்க."

சனிக்கிழமை பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். வாசலில் ஒரு மோட்டார் வந்து நிற்கிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். பக்கத்து வீட்டுக்காரர்.