எப்ப நின்னுச்சு?

போன திங்கட்கிழமை என் தங்கை செல்லம் கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தாள். பலமாக ஒன்றும் விழவில்லை. ஆனால் மணிக்கட்டு ஒடிந்துவிட்டது! போன வருஷம் இதே மாதிரிதான் பாதத்தில்... முப்பத்துநாலு வயதில் யாருக்காவது எலும்பு இப்படி ஒடியுமா?

குரும்பலூரிலிருந்து வண்டி கட்டிப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். டவுனில் வாழ்க்கைப்பட்டிருக்கும் நான் ஓடினேன். அவள் புருஷன் முருகேசன் வாசலில் நின்றான். மாமியார் உள்ளே. மாமியார் அன்னியமில்லை. எங்கள் அப்பாவின் கூடப் பிறந்த தங்கை, சொந்த அத்தை.

சொந்தமென்றால் இரக்கம் வந்துவிடுமா? செல்லத்துக்குக் குழந்தை இல்லை. வெள்ளிக்கிழமை செட்டிகுளத்தில் மகனுக்கு இரண்டாம் தாரமாகப் பெண் பார்க்க ஏற்பாடு செய்திருந்தாள் அத்தை.

கட்டுப் போட்டுக்கொண்டே லேடி டாக்டர் கேட்டார்: "மாசாமாசம் ஒழுங்கா தூரம் ஆவறியாம்மா?"

செல்லம் என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. முப்பது வயதிலேயே அவளுக்கு நின்றுவிட்டது. தெரிந்தால் மறுநாளே வேறொருத்தி வந்துவிடுவாள் என்று, மாதந்தோறும் மாட்டுக் கொட்டகையில் மூன்று நாள் ஒதுங்கி உட்கார்ந்தாள்—வராத தீட்டுக்கு! திடீரென்று உடம்பு எரிந்து வேர்த்துக் கொட்டினால் அடுப்புச் சூடு என்பாள்.

"அதெல்லாம் தவறாம ஆவுதுங்க. புள்ளதான் தங்கல," என்றாள் அத்தை முந்திக்கொண்டு.

"நான் அவங்களைக் கேட்டேன்," என்றார் டாக்டர்.

செல்லம் சொல்லிவிட்டாள்: "நின்னு போச்சுங்க... நாலு வருஷமாச்சு."

அத்தையின் முகம் கறுத்தது. "அப்ப கொட்டாயில குந்தினதெல்லாம்?"

"பொய்தான் அத்தை."

டாக்டர் நிதானமாகச் சொன்னார். சிலருக்குச் சினைப்பை சீக்கிரமே மூப்படைந்துவிடுமாம். பிள்ளை பிறப்பது அரிது. அதோடு முடிவதில்லை. எலும்பும் வலுவிழக்கும். இதயத்தையும் கவனிக்க வேண்டும். பால், கேழ்வரகு, நடை எதையும் விடக்கூடாது. "இவங்க மேல தப்பில்ல. சில குடும்பத்துல ரத்தத்துலயே வரும்," என்றவரின் பார்வை அத்தையின் கூன் முதுகில் நின்றது. "நீங்க சொந்த அத்தைன்னாங்களே, உங்களுக்கு எப்ப நின்னுச்சு?"

அத்தைக்கு ஐம்பத்தைந்துகூட ஆகவில்லை. பார்த்தால் எழுபது சொல்லலாம். கத்தப்போகிறாள் என்று நினைத்தேன்.

"முருகேசனுக்கப்புறம் ஒண்ணுமே தங்கலீங்க. முப்பது ஆவறதுக்குள்ள..." குரல் இறங்கிவிட்டது. "நானும் கொட்டாயில சும்மா குந்தினவதான், டாக்டரம்மா. என் மாமியாருக்குப் பயந்துகிட்டு."

செல்லம் ஓவென்று அழுதாள். அத்தை அவளைத் தொடவில்லை, திட்டவுமில்லை. எழுந்து வெளியே போனாள்.

"என்னம்மா சொன்னாங்க?" என்றான் முருகேசன்.

"செட்டிகுளத்துக்கு ஆளனுப்பு. நாங்க வரலைன்னு சொல்லு."

"ஏம்மா?"

"சொன்னதச் செய்யிடா!"

அவன் மேலே கேட்கவில்லை. மாட்டைப் பூட்டப் போனான். மனதில் என்ன நினைத்தானோ, நாளைக்கு என்ன சொல்வானோ, தெரியாது. இந்த வெள்ளிக்கிழமை மட்டும் யாரும் பெண் பார்க்கப் போகவில்லை.

ஒரே வீடு, ஒரே கொட்டகை, இரண்டு பெண்கள், ஒரே பொய்... ஒருத்திக்கொருத்தி வாய் திறக்க, எலும்பு ஒடிய வேண்டியிருந்தது!