நேயர் விருப்பத்தில் அவள் பெயர்

பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவன் பழைய ரேடியோ படம் ஒன்றைப் போட்டான். உடனே எல்லாரும் உருக ஆரம்பித்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு பாட்டுக்காக வாரக்கணக்கில் காத்திருந்த சுகம் இப்போது எவனுக்குத் தெரியும் என்று நீட்டி முழக்கினேன். அனுப்பிய பிறகுதான் உடம்பு கூசியது.

ரேடியோ நேயர் விருப்பத்துக்குக் கார்டு போடுவதில் எங்கள் ஊர் சிங்கவரத்தில் நான்தான் கில்லாடி. கேட்கும் பாட்டுக்குக் கீழே தெருக்காரர்கள் பெயரையெல்லாம் வரிசையாக எழுதுவேன். "எம்பேரையும் சேத்துக்கடா" என்று கெஞ்சுவார்கள். பெரிய மனுஷன் மாதிரி யோசித்துத்தான் சேர்ப்பேன். ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒரே ஒரு கார்டில் தெருவை விட்டுவிட்டேன். என் பெயர், பக்கத்தில் கீழத்தெருப் பெண் ஒருத்தியின் பெயர். செஞ்சிக்கு சைக்கிளில் வந்து என் வகுப்பில் படித்தவள். அவளோடு நான் நாலு வார்த்தை பேசியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் வாசித்தார்கள். டீக்கடையில் அவள் அண்ணன் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் அவனும் அவள் அப்பாவும் எங்கள் வாசலில் நின்றார்கள்.

"அந்தப் பொண்ணு பேர இன்னாத்துக்குடா எழுதின?" என்றார் என் நைனா. கையில் மாட்டுக் கயிறு இருந்தது.

"அதுதான் எழுதச் சொல்லிச்சி நைனா."

அடி விழவில்லை. மறுநாளிலிருந்து அவள் சைக்கிள் வரவில்லை. மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே, களை எடுக்கப் போனாள். அடுத்த வருஷமே அவலூர்பேட்டையில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் பரீட்சை எழுதினேன், காலேஜ் போனேன், வேலைக்கும் போனேன்.

இரண்டு வருஷம் முன்பு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவளே என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தாள். என் பிள்ளைகளை விசாரித்தாள். பிறகு, கத்தரிக்காய் விலை கேட்கிற குரலில், "நானா உன்ன எழுதச் சொன்னேன்?" என்றாள். அவள் பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

குழுவில் அவள் இல்லை. அது ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கான குழு. "மச்சான், ரேடியோல உங்க ரெண்டு பேரு பேரும் வந்துச்சே, அத எழுதுடா" என்று ஒருவன் சிரிப்புப் பொம்மை போட்டுக் கேட்டான். இதோ, எழுதிவிட்டேன். அவள் எழுதச் சொல்லவில்லை, நைனாவிடம் நான் சொன்னது பச்சைப் பொய். இதைத்தான் குழுவிலும் போடப்போகிறேன்.

அவள் பெயரை மட்டும் போடமாட்டேன். அவளைக் கேட்காமல் ஒரு முறை எழுதியதே போதும்.