பெண்ணாடத்தாளின் கால்

தலைப்பிள்ளையைப் பெற்று எடுத்துக்கொண்டு, ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கத்திலிருந்த அம்மா வீட்டிலிருந்து நான் விருத்தாசலம் திரும்பியபோது என் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள்.

இடம் என்றால் வீட்டில் இல்லை. பீங்கான் கம்பெனியில், என் வீட்டுக்காரருடைய சக்கரத்துக்கு எதிரே கிடந்த பலகையில்.

அவர் ஊறுகாய் ஜாடி செய்கிறவர். அலமாரியில் வைக்கிற சின்ன ஜாடி அல்ல. ஒரு ஆள் கட்டிப்பிடித்துத் தூக்க வேண்டிய ஜாடி. அந்தக் கம்பெனியில் கால் சக்கரம்தான். கீழே கனமான சிமெண்டு வட்டு, மேலே மண் வைக்கிற தட்டு, இரண்டையும் சேர்க்கிற இரும்புத் தண்டு. கீழ்வட்டைப் பாதத்தால் தள்ளித் தள்ளி விட்டால் மேல்தட்டு சுற்றும். கப்பு, கிண்ணம் செய்கிறவர்கள் தாங்களே உதைத்துக்கொள்வார்கள். பெரிய ஜாடிக்கு அது நடக்காது. அடிப்பாதியைச் செய்து, கொஞ்சம் இறுகவிட்டு, விளிம்பில் மண்ணைத் திரியாகச் சுற்றி ஒட்டி, மேல்பாதியை இழுக்க வேண்டும். அதற்கு அவர் எழுந்து நின்று தோள் வரைக்கும் கையை உள்ளே விடுவார். அந்த நேரம் எதிரே உட்கார்ந்து வேறொருவர்தான் உதைக்க வேண்டும். அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படி உதைத்தவள் நான்.

எங்கள் இரண்டு குடும்பமும் பானை செய்கிற குடும்பம். என் அப்பா வீட்டில் பெண்கள் மண் பிசையலாம், பானையின் அடியைத் தட்டலாம், சக்கரத்தை மட்டும் தொடக்கூடாது. கம்பெனிச் சக்கரம் முதலாளியுடையது. அதில் யார் கால் பட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சொத்தாக நான் அந்தப் பலகையைத்தான் நினைத்திருந்தேன். வீட்டில் மாமியார், நாத்தனார், வந்து போகிறவர்கள் என்று எப்போதும் கூட்டம். அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தது அங்கே மட்டும்தான்.

வந்தவள் பெண்ணாடத்துக்காரி. என் வயதுதான் இருக்கும். புருஷன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான் என்று கிளம்பி, விருத்தாசலத்தில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். முதலில் மண் பிசைகிற வேலைக்குத்தான் சேர்ந்திருக்கிறாள். நான் ஊருக்குப் போனதும், உதைக்க ஆள் இல்லை என்று மேஸ்திரி அவளை உட்கார வைத்திருக்கிறார்.

"பச்சப் புள்ளய வச்சிக்கிட்டு நீ எப்படிம்மா உதைப்ப? காது ஒட்டற வேல பாரு. ஒக்காந்த எடத்துல பாக்கலாம்" என்றார் மேஸ்திரி என்னிடம். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

ஜாடிக்குக் கைப்பிடி வைப்பதைக் காது ஒட்டுவது என்போம். கொட்டகை விட்டத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு நான் காது ஒட்டினேன். அங்கிருந்து பார்த்தால் அவருடைய முதுகும் அவளுடைய முகமும் தெரியும். அவள் ஜாடியைப் பார்க்கவே மாட்டாள். அவரைத்தான் பார்ப்பாள். அதை முதல் நாளே கவனித்துவிட்டேன்.

அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டாள். என்னை "அண்ணி" என்றாள். தூளி ஆடாமல் நின்றால், போகிற போக்கில் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போவாள். அதெல்லாம் எனக்குச் சமாதானமாக இல்லை. சாயங்காலம் பார்த்தால் அவருடைய வேட்டியிலும் அவளுடைய சேலையிலும் ஒரே மாதிரி மண் தெறித்திருக்கும். என் சேலை சுத்தமாக இருக்கும். எனக்கு அது பொறுக்காது.

அவர் வீட்டில் அதிகம் பேசாத மனிதர். ஜாடியைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "இன்னிக்கு ஒண்ணு சக்கரத்து மேல நின்னப்ப என் நெஞ்சு ஒசரத்துக்கு வந்துச்சு" என்றார். குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நான் உதைத்த நாளில் எந்த ஜாடியும் அவர் இடுப்பைத் தாண்டியதில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். உண்மைதான். கோணல் இல்லை, தோளில் பிதுக்கம் இல்லை. வயிறு ஒரே சீராக அகன்று, கழுத்துக்கு வரும்போது தானாகவே குறுகினது போல இருந்தது. இன்னொரு பெண்ணோடு அவர் சிரித்துப் பேசுவதைப் பார்த்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது என்று தோன்றுகிறது. சிரிப்பை மறுக்கலாம், மறக்கலாம். ஜாடி எதிரே நிற்கிறது. அதற்கு நான்தான் காதும் ஒட்ட வேண்டும்.

ஒரு தடவை அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தான். அவனை நாத்தனாரிடம் விட்டுவிட்டு நான் பலகையில் உட்கார்ந்தேன். என்னால் முடிந்த மட்டும் உதைத்தேன். அடிப்பாதி நன்றாகவே வந்தது. மேல்பாதியில் அவர் கையை உள்ளே விட்டதும் எனக்குப் பதற்றம். வேகமா, மெதுவா என்று புரியவில்லை. ஜாடி ஒரு பக்கம் ஆட ஆரம்பித்து, தோளில் மடங்கி உள்ளே விழுந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"பரவால்ல. கழுத்து வரைக்கும் வந்துச்சே" என்றார்.

திட்டியிருக்கலாம். முன்பெல்லாம் திட்டுவார். அன்றைக்கு இரவுச் சோறு முடிந்ததும் கேட்டேன்.

"அவ உதைச்சா மட்டும் எப்படிங்க நிக்குது?"

அவர் ஒளித்து வைக்கத் தெரியாத மனிதர். "தெரியல. நான் கேக்கறதுக்கு முன்னாடியே சக்கரம் கேக்குது" என்றார்.

அந்தப் பேச்சை நான் ரொம்ப நாள் சுமந்துகொண்டு திரிந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, மணிமுத்தாற்றங்கரையை ஒட்டியிருந்த அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். என்னென்ன கேட்பது என்று வழி நெடுக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவள் தையல் மிஷினில் உட்கார்ந்து யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்ட முகம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "இந்த ஒரு தையல முடிச்சிட்டு வரேன் அண்ணி" என்றாள். நான் நின்றபடி அவள் காலைப் பார்த்தேன். துணி வளைகிற இடத்தில் கால் மெல்ல அடங்கியது. நேராக ஓடுகிற இடத்தில் விரைந்தது. நிற்க வேண்டிய இடத்தில் ஊசி ஒரு நூல்கூடத் தாண்டாமல் நின்றது.

மனசுக்குள் வைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது. "நீ எதுக்கு அவரையே பாத்துக்கிட்டு உதைக்கிற?" என்று மட்டும் கேட்டேன்.

அவளுக்கு நான் கேட்டது புரிந்தது. கோபப்படவில்லை.

"அவர நான் எங்க பாத்தேன். முழங்கையப் பாக்குறேன். முழங்கை ஒடுங்குச்சுன்னா அழுத்தப் போறாருன்னு அர்த்தம், கால அடக்கணும். வெளிய வந்துச்சுன்னா இழுக்கப் போறாரு. துணியப் பாத்து மிதிக்கிற மாதிரிதான்." பிறகு, "அண்ணன் மொகம் எனக்கு நெனப்புல கூட இல்ல அண்ணி. எனக்கு அந்த வேல புடிச்சிருக்குது. அதுல வந்து என்னத்தத் தேடுறீங்க?" என்றாள்.

அவள் டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். கிளம்பும்போது, நானே எதிர்பார்க்காமல் என் வாயிலிருந்து வந்தது. "நான் ஒக்காந்தா எனக்கும் அப்படி உதைப்பியா?"

"ஒக்காருங்களேன்" என்றாள். அவ்வளவுதான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தோம். எல்லோரும் டீக்கடைக்குப் போன பிறகு நான் அவருடைய சக்கரத்தில் உட்காருவேன், அவள் எதிரே. மண் எனக்குப் புதிதல்ல. பிறந்ததிலிருந்து மண்ணைப் பிசைந்தும் தட்டியும் பழகிய கை. சுற்றுகிற மண்தான் புதிது. முதலில் கிண்ணம், பிறகு பூந்தொட்டி, பிறகு சின்ன ஜாடி என்று ஒரு வருஷத்துக்கு மேல் போனது. அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கை தயங்குகிற இடத்தில் சக்கரமும் தயங்கி எனக்காகக் காத்திருந்தது. அந்தச் சுகத்தை அவர் எத்தனை மாசமாக அனுபவித்திருக்கிறார் என்று நினைத்தேன். இப்போது அவர் மேலேயே பொறாமை வந்தது.

மேஸ்திரி பார்த்தார். முகத்தைச் சுளித்தார். ஆனால் என் ஜாடியைச் சுண்டிப் பார்த்தபோது அவருக்குக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சமயம் பஜாரில் எண்ணெய், ஊறுகாய் வியாபாரம் செய்கிற ஒரு பாய் பெரிய ஜாடியாக நிறையக் கேட்டிருந்தார். ஒருவர் செய்து முடிகிற வேலை இல்லை. "காலையில அவரு, மத்தியானம் நீ. உதைக்கிறது அந்தப் பொண்ணு" என்று மேஸ்திரி பிரித்துக் கொடுத்துவிட்டார்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. காலை வேலை மத்தியானத்துக்குள் முடியாது. "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று அவர் சக்கரத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். நான் மண்ணைப் பிசைந்து வைத்துக்கொண்டு நிற்பேன். கிடைத்த நேரத்தில் நான் ஒன்றை நெஞ்சு உயரத்துக்கு இழுத்த அன்று, அவர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "வாய் கொஞ்சம் சின்னதா போச்சு" என்றார். வாய் சரியாகத்தான் இருந்தது. என் வயிற்றில் எத்தனையோ நாளாகக் கிடந்த நெருப்பு அவர் முகத்துக்குப் போயிருந்ததைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நான் மறைக்கவும் இல்லை.

வீட்டிலும் அதே சண்டை.

"நாளைக்கு அவள சீக்கிரம் விடுங்க."

"நான் என்னா கட்டியா வச்சிருக்கேன்?"

"கட்டி வச்ச மாதிரிதான் இருக்குது."

சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அம்மாள் இதைக் கேட்டுவிட்டு, தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆம்பளைங்க அப்படித்தாம்மா. கொஞ்ச நாள்ல அலுத்துப்போயி வூடு திரும்பிடுவாங்க. நீ மனச விட்டுடாத" என்று கண் கலங்கினாள். நாங்கள் ஒரு பெண்ணின் காலுக்காகத்தான் அடித்துக்கொள்கிறோம், அதுவும் இரண்டு பேருமே என்று அவளிடம் எப்படிச் சொல்வது. தலையை ஆட்டிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு வந்தேன்.

பாய் கேட்ட ஜாடிகள் சூளைக்குப் போன பிறகு ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள். "அண்ணே, எனக்கும் ஒரு தடவ ஒக்காந்து பாக்கணும்."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் உட்காருவாள் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை. அவர் பலகையில் உட்கார்ந்து உதைத்தார். அவருக்கு வேகம் அதிகம். மண் கையை விட்டுப் பறந்தது. பிறகு நான் உதைத்தேன். அவளுடைய முழங்கையைத்தான் பார்த்தேன், அவள் சொன்னபடியே. பார்த்தாலும் கால் கேட்கவில்லை. நான் அடக்குவதற்குள் அவள் அழுத்திவிட்டாள். கிண்ண அளவுக்கு வந்தது, மடங்கியது. அவள் கையிலிருந்த மண்ணை வழித்துப் போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஆள் இருக்குது. எனக்குத்தான் இல்ல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

அடுத்த மாசமே வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அங்கே மோட்டார் சக்கரம் வந்திருந்தது. உதைக்க ஆள் வேண்டாம். காலடியில் ஒரு மிதி, தையல் மிஷின் மாதிரி. முதலில் மண் பிசையத்தான் எடுத்தார்கள், பிறகு சக்கரத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்று அவளுடைய அக்கா சொன்னாள்.

அதற்குப் பிறகு அவருக்கு நான் உதைத்தேன், எனக்கு அவர் உதைத்தார். ஜாடிகள் சுமாராக வந்தன. விற்றன. நெஞ்சு உயரத்துக்கு ஒன்றும் வரவில்லை. அவள் போன வருத்தத்தில் இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் குறை சொன்னோம். அப்புறம் அதையும் விட்டுவிட்டோம்.

சில வருஷம் கழித்து, பஜாரில் பாய் கடைக்கு எண்ணெய் வாங்கப் போனேன். வாசலில் ஒரு ஜாடி நின்றது. கழுத்தும் தோளும் சேருகிற இடத்தைப் பார்த்ததுமே நின்றுவிட்டேன்.

"இது புதுசும்மா. மோட்டார் சக்கரம் வச்ச கம்பெனியில ஒரு பொம்பள செய்யுதாம். உள்ளாற கை விட்டுப் பாருங்க" என்றார் பாய்.

விட்டேன். உள்சுவரில் விரல் ஓடிய வரிகள் அடியிலிருந்து வாய் வரைக்கும் ஒரே இடைவெளியில் ஏறிப் போயின. எங்கேயும் தயங்கவில்லை. யாரும் அவளுக்கு உதைக்கவில்லை, ஆனாலும் தயங்கவில்லை. கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டேன். எண்ணெயை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அந்த ஜாடியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் சைக்கிளின் பின்னால் வைக்கோல் சுற்றிக் கட்டி அதைக் கொண்டுவந்து இறக்கினார். எங்கே பார்த்தார், எப்போது பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருமாகத் தூக்கி அடுப்படி மூலையில் வைத்தோம். ரொம்ப நாள் அதற்குள் நான் எதையும் போட்டு வைக்கவில்லை. பிறகு ஒரு கோடையில் புளி நிறைய வந்தது. வைக்க வேறு பாத்திரம் இல்லாமல் அதில் அடைத்தேன்.